புதுப்பிப்பு: மருந்தைத் துப்பிய மூன்று வயதுக்காரி

காதில் சீழ் வைத்ததற்கு டாக்டர் தந்த ஆன்டிபயாடிக் சிரப்பை மகள் வேளாவேளைக்குத் துப்புகிறாள், சுவரெல்லாம் மருந்து என்று போன வாரம் புலம்பியிருந்தேன். ஏழு நாள் கோர்ஸ் நேற்று இரவோடு முடிந்தது.

அதற்குப் பலர் சொன்ன யோசனைப்படி பாலில் கலந்து கொடுத்தது முதல் நாளே படுத்துவிட்டது. அரை டம்ளர் குடித்துவிட்டு மீதியைத் தள்ளிவிட்டாள். எவ்வளவு மருந்து உள்ளே போனதோ! அம்மாவோ மூக்கைப் பிடித்துப் பாலாடையில் புகட்டு என்றார். புரையேறிவிடும் என்று மறுத்தேன். அதற்கு ஒருநாள் முழுக்கக் கோபம்.

கைகொடுத்தது ஊசியில்லாத சிரிஞ்ச்தான். 5 மில்லியையும் தொண்டைக்குள் பீய்ச்சாமல், நிமிர்த்தி உட்காரவைத்து, கன்னத்தின் உட்பக்கமாக ஒவ்வொரு மில்லியாக விட்டேன். ஒவ்வொன்றையும் விழுங்கும்வரை காத்திருக்க வேண்டும், அதுதான் பொறுமையைச் சோதிக்கும். எங்கள் மருந்து எப்படியும் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டியது. ஜில்லென்று இருந்ததால் கசப்பும் கொஞ்சம் மட்டுப்பட்டது. கடைசியில் ஒரு துண்டு வெல்லம்.

நான்காம் நாள் குடித்த கையோடு வாந்தி. நானாக மறுபடி கொடுக்காமல் டாக்டருக்குப் போன் செய்து கேட்டுக்கொண்டேன்.

மிட்டாய் என்று மட்டும் சொல்லவே இல்லை. பாட்டிலைத் தேடி அவளே குடித்துவிட்டால்?

அப்புறம், சிரிஞ்சை இப்போது திருப்பித் தர மாட்டேன் என்கிறாள். பொம்மைக்குக் காது வலியாம்.