காரைக்குடியில் பார்வை அறிவியல் பிஎச்.டி.: முதல் வருஷம் என்ன பழக்கலாம்?

(பட்டாலை, விழித்திரை, கானாடுகாத்தான் பக்கம், புள்ளி: நாலும் பேசுபவர்களின் புனைபெயர்கள்.)

பட்டாலை: வணக்கம். காரைக்குடியில் ரெண்டு முழுநேர ஆய்வு மாணவர்கள் சேர்கிறார்கள். ஒருவர் ஆப்டோமெட்ரி (கண் பரிசோதனைப் படிப்பு), மற்றவர் இயற்பியல். சுத்துப்பட்டு ஊர்களில் முதியோரின் கான்ட்ராஸ்ட் உணர்திறனை, அதாவது மங்கலான வெளிர்-கருமை வேறுபாட்டைக் கண்டுகொள்ளும் திறனை, அளப்பதுதான் திட்டம். யூஜிசி 2022 விதிப்படி குறைந்தது 12 கிரெடிட் கோர்ஸ் வொர்க் இருக்கிறது. அது பாட்டுக்கு முடிந்துவிடும். கைப்பழக்கத்துக்கு என்ன கொடுப்பது?

விழித்திரை: ஐயா, தலைப்பை ஆறு மாசம் தள்ளிவைங்க. அதுக்குள்ள ஒரே ஒரு த்ரெஷோல்டை (கண்ணுக்குத் தட்டுப்படுற மிகக் குறைந்த அளவை) ஒழுங்கா அளக்கட்டும். வேலையை மாத்திக் கொடுங்க: ஆப்டோமெட்ரிக்காரருக்கு மானிட்டர் காலிப்ரேஷன் (திரையின் ஒளியை அளந்து சரிசெய்றது), இயற்பியல்காரருக்கு ரெட்டினாஸ்கோப் (கண்ணாடி பவரைக் கண்டுபிடிக்கிற கருவி). முதியவருக்குக் கண்ணாடி பவர் சரியில்லைன்னாலோ புரை இருந்தாலோ கான்ட்ராஸ்ட் உணர்திறன் தானாவே குறையும். அது தெரியாம அளந்த எண்ணுக்கு அர்த்தமில்லை.

மானிட்டரை அரைமணி நேரம் ஓடவிட்ட பிறகே அளக்கணும். ஆட்டோ பிரைட்னஸ், நைட் மோட் ரெண்டையும் அணைச்சிடணும். திரையிலிருந்து வரும் ஒளியை அளக்கிற லூமினன்ஸ் மீட்டரால் காமா வளைவை (கணினி கொடுக்கிற எண்ணுக்குத் திரை எவ்வளவு ஒளிருதுங்கிற வளைவை) எடுத்து நேராக்கணும். லக்ஸ் மீட்டர் உதவாது, அது மேல விழும் வெளிச்சத்தைத்தான் சொல்லும். நேராக்கின 8 பிட் (256 சாம்பல் படி) திரையிலும் நடுச் சாம்பலில் ஒரு படி சுமார் 0.8% கான்ட்ராஸ்ட். நல்ல கண் அதுக்கும் கீழே பார்க்கும். அதனால 10 பிட் திரையோ டிதரிங்கோ (பக்கத்துப் புள்ளிகளைக் கலந்து இடைப்பட்ட சாம்பலைக் காட்டுற உத்தி) வேணும்.

அப்புறம் ஸ்டேர்கேஸ், அதாவது பதிலுக்கு ஏத்தபடி கான்ட்ராஸ்டைப் படிப்படியா ஏத்தி இறக்குற முறை. மூணு சரி சொன்னா ஒரு படி இறக்கம், ஒரு தப்புக்கு ஒரு படி ஏற்றம். இது 79% சரியான பதிலில் நிற்கும். பெரிய படியில் ஆரம்பிச்சு, ரெண்டு திருப்பத்துக்கு (இறக்கம் ஏற்றமாவோ, ஏற்றம் இறக்கமாவோ மாறுற இடம்) பிறகு சின்னதாக்கணும். ரெண்டு திருப்பம் வந்ததும் சராசரி எடுத்துட்டு எழுந்திடுறதுதான் மாணவர்களோட வழக்கமான தப்பு. அதே ஆளை வேற நாளில் மறுபடி அளக்கட்டும். ரெண்டு எண்ணும் எவ்வளவு விலகுதுன்னு தெரியாம ஊருக்குள்ள கிளம்ப வேண்டாம்.

கானாடுகாத்தான் பக்கம்: ஊருக்குள்ள வந்தா வேற தொல்லை. வளவில் (முற்றத்தைச் சுத்தின தாழ்வாரத்தில்) கண் பரிசோதனை எழுத்து சார்ட்டை மாட்டாதீங்க. முற்றத்து வெளிச்சம் மேகத்துக்கு மேகம் மாறும். சார்ட்டின் ஒளிர்வு சதுர மீட்டருக்கு 80–320 கேண்டெலாவுக்குள் நிற்கணும். பளபளக்கும் பூச்சுச் சுவரும் ஆத்தங்குடித் தரையும் திரையில் பிரதிபலிக்கும், ஜன்னல் இல்லாத உள்ளறையே நல்லது.

4 மீட்டர் சார்ட்டில் 20 செ.மீ. முன்னால் சாய்ந்தாலே ஒரு எழுத்து கூடுதலாப் படிச்சிடுவாங்க. நாற்காலி முதுகில் சாய்ஞ்சிருக்காங்களான்னு பார்த்துக்கிட்டே இருக்கணும். இங்கிலீஷ் எழுத்து தெரியாதவங்களுக்கு லேண்டோல்ட் சி வளையம்; அதன் இடைவெளி எந்தப் பக்கம்னு சொன்னாப் போதும். ஆச்சிமார் "தெரியலையேப்பா"ன்னு நிறுத்திடுவாங்க. "தோணுறதைச் சொல்லுங்க ஆச்சி, தப்பா இருந்தாலும் பரவாயில்லை"ன்னு ஊகிக்க வைக்கலைன்னா அளக்கிறது பார்வையை இல்லை, கூச்சத்தை.

எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு மட்டும் போதாது. ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத ஒருத்தர் கூட இருந்து சாட்சிக் கையெழுத்துப் போடணும். எத்திக்ஸ் குழு அனுமதி வரும்வரை ஒருத்தரையும் அளக்கக் கூடாது.

புள்ளி: ஒண்ணு விட்டுப்போச்சு. 50 பேரின் 100 கண்ணை 100 தனித்தனித் தரவா எண்ணிடுவாங்க. ஒருத்தரின் ரெண்டு கண்ணும் ஒத்துப்போகும்; பி மதிப்பு (முடிவு தற்செயலா வந்திருக்குமான்னு பார்க்கிற எண்) பொய்யா அழகாகிடும். ஒரு கண்ணை மட்டும் எடுங்க, இல்லேன்னா ரெண்டு கண்ணும் ஒரே ஆளோடதுன்னு கணக்கில் எடுக்கிற மிக்ஸ்ட் மாடல். ரெண்டு கருவியை ஒப்பிட கோரிலேஷன் (சேர்ந்து ஏறி இறங்குதான்னு மட்டும் சொல்ற எண்) வேண்டாம், ரெண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டுற பிளாண்ட்-ஆல்ட்மன் படம் போடணும்.

பட்டாலை: நன்றி. லூமினன்ஸ் மீட்டர் விலை கட்டுப்படியாகுமா தெரியலை.

விழித்திரை: வாங்க வேண்டாம் ஐயா. பக்கத்து இயற்பியல் துறையில் கேட்டு ஒரு நாள் இரவல் வாங்குங்க. திரையை மாசம் ஒரு தடவை அளந்தா போதும், தேதியோட குறிச்சு வைக்கணும்.