கமலா அத்தையின் டிக்கெட்

விமலா: அத்தைக்கு இன்றிரவே விமான டிக்கெட் எடுக்க வேண்டும். பாஸ்போர்ட் நகல் யாரிடம் இருக்கிறது?

பெரியப்பா: அவசரப்படாதே. நான் அனுப்பிய வீடியோவைப் பார். 1996இல் நியூயார்க் அருகே கடலில் விழுந்த விமானம், 230 பேர். ஏவுகணைதான். வானில் ஒளிக்கீற்றைப் பார்த்த சாட்சிகளே நூற்றுக்கணக்கில்.

கமலா அத்தை: ஐயோ

விமலா: அத்தை, அதைத் திறக்காதீர்கள்.

கமலா அத்தை: இரண்டு தடவை பார்த்துவிட்டேன்

சேகர் சித்தப்பா: அண்ணா, சாட்சிகள் பொய் சொல்லவில்லை. வெடித்த பிறகு எரிந்துகொண்டே போன விமானத்தைத்தான் பார்த்தார்கள். சிதைவுகளில் 95 சதவீதத்துக்கு மேல் கடலடியிலிருந்து எடுத்து, பெரும்பகுதியைக் கூடுபோல் பொருத்திப் பார்த்தார்கள். ஏவுகணை பாய்ந்த தடம் ஓரிடத்திலும் இல்லை. நடு எரிபொருள் தொட்டியில் இருந்த ஆவி பற்றிக்கொண்டது. பொறி எங்கிருந்து வந்தது என்பது உறுதியில்லை, அநேகமாக ஷார்ட் சர்க்யூட் என்று விசாரணை அறிக்கையே சொல்கிறது.

பெரியப்பா: பார்த்தாயா, "அநேகமாக"!

குமார்: பெரியப்பா பிடித்துவிட்டார்.

பெரியப்பா: 1991இல் கொலராடோவில் விழுந்த போயிங் 737க்கும் முதலில் காரணம் தெரியவில்லை என்றார்கள். பத்து வருடம் கழித்து, விமானத்தைத் திருப்புகிற வால் சுக்கான்தான் காரணம் என்றார்கள். எதை நம்புவது?

சேகர் சித்தப்பா: இரண்டாவதை. 1994இல் பிட்ஸ்பர்க் அருகே இன்னொரு 737 அதேபோல் கவிழ்ந்து 132 பேர் இறந்தார்கள். அதன் சுக்கானை இயக்கும் வால்வைக் கடுங்குளிரில் வைத்து, திடீரென்று சூடான ஹைட்ராலிக் எண்ணெயைச் செலுத்தினார்கள். சிக்கிக்கொண்டது. அப்படிச் சிக்கினால் பைலட் வலது பெடலை மிதிக்க, சுக்கான் இடது பக்கம் திரும்பும். உலோகத்தில் ஒரு கீறல்கூட மிஞ்சாது. அதற்குப் பிறகுதான் பழைய கோப்பைத் திறந்து 2001இல் திருத்தி எழுதினார்கள். நீங்கள் 1983 முதல் ஒன்றையாவது திருத்தியிருக்கிறீர்களா?

குமார்: ரேடியோ வந்துவிட்டது.

பெரியப்பா: தாத்தாவின் ரேடியோவை உடைத்தது நீதான். சந்தேகமே இல்லை.

சேகர் சித்தப்பா: அன்று நான் பள்ளிச் சுற்றுலாவில் இருந்தேன். யார் பார்த்தது?

பெரியப்பா: ஓடுகிற சத்தம் கேட்டது.

லதா சித்தி: மறுபடியுமா

விமலா: பாஸ்போர்ட்!!

பெரியப்பா: சரி, எடுத்துத் தொலை. 737 மட்டும் வேண்டாம்.

குமார்: அந்த வால்வை எப்போதோ மாற்றிவிட்டார்கள், பெரியப்பா.

பெரியப்பா: யார் சொன்னது?

குமார்: நிபுணர்கள்.

கமலா அத்தை: பாஸ்போர்ட் என் பெட்டியில்தான் இருக்கிறது. சேகர், ரேடியோவைப் பற்றித் திரும்பி வந்ததும் உன்னிடம் தனியாகச் சொல்கிறேன்

சேகர் சித்தப்பா: தனியாக என்ன, அக்கா?

பெரியப்பா: கமலா?

கமலா அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது