உப்புநீக்கமா, உப்பிறக்கமா?

அண்ணா, வணக்கம்.

கடலடியில் எடுத்த தொல்பொருளிலிருந்து உப்பைப் போக்கும் வேலைக்கு, நம் கலைச்சொல் பட்டியலில் "உப்புநீக்கம்" போதும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தச் சொல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைக்குப் போய்விட்டது. அங்கே வேண்டியது தண்ணீர். இங்கே வேண்டியது பானை.

1659இல் இலங்கையின் காலித் துறைமுகத்தில் மூழ்கிய ஒல்லாந்தர் கப்பல் அவொண்ட்ஸ்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். முந்நூறு வருஷத்துக்கு மேல் கடலில் கிடந்த மண்பாண்டத்தின் நுண்துளையெல்லாம் உப்பு ஊறியிருக்கும். எடுத்த கையோடு உலரவிட்டால் அந்த உப்பு உள்ளேயே பளிங்காக வளர்ந்து, மேற்பூச்சைச் செதில் செதிலாகத் தள்ளிவிடும். அதனால் நல்ல தண்ணீரில் போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி, ஒவ்வொரு தடவையும் அதில் உப்பின் கூறான குளோரைட்டு எவ்வளவு என்று அளக்கிறார்கள். அளவு நன்றாகக் குறையும்வரை பொருளை வெளியே எடுப்பதில்லை. இரும்புப் பீரங்கி என்றால் காரக் கரைசலில் வருஷக்கணக்கில் கிடக்கும். உப்பு தானாக இறங்கும்வரை பக்கத்தில் இருந்து காத்திருக்கிற வேலை இது.

எங்கள் தோட்டத்து லயத்துக் காம்பராவில் (வரிசை வீட்டு அறையில்) அம்மா கட்டாக் கருவாட்டை ஊறப்போட்டு, கொஞ்ச நேரம் கழித்து அந்தத் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார். "இன்னும் உப்பு எறங்கல" என்று அதைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் ஊற்றுவார். தொல்பொருள் கூடத்தில் நடப்பதும் அதே முறைதான். தேயிலைக்கும் சாயம் இறங்குகிறது என்றுதானே சொல்கிறோம்? ஆகவே "உப்பிறக்கம்" என்று வைப்போம். தொட்டிக்கு "உப்பிறக்கத் தொட்டி".

ஹட்டனிலிருந்து,
தங்கை

*

தங்கச்சி,

கருவாட்டுத் தண்ணீரை நானும் ருசி பார்த்தவன்தான். சொல்லை ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. மலைநாட்டில் "இறக்கம்" என்றால் பாதைச் சரிவுதான் முதலில் கண்முன் வரும். "உப்பிறக்கல்" என்றால் அந்த மயக்கம் இல்லை. கள்ளிறக்கல் போல, ஒருவர் கைபடச் செய்யும் தொழில் என்பதும் விளங்கும்.

இன்னொன்று. கப்பல் மரத்துக்கு உப்பு இறங்கினால் மட்டும் போதாது. ஊறிப்போன மரம் காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். அதனால் நீர் இருந்த இடத்தில் பாலிஎதிலீன் கிளைக்கோல் என்ற மெழுகுபோன்ற பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊறவிடுவார்கள். அதை "மெழுகேற்றல்" என்றால் என்ன? ஒன்றை இறக்கி மற்றதை ஏற்றுவது, மாணவருக்கு மனதில் நிற்கும்.

*

அண்ணா, "இறக்கல்" சரி. நுவரெலியாப் பாதையில் தினமும் போகிறவளுக்கு அது தோன்றாமல் போனதே! பட்டியலில் உப்பிறக்கல் என்றே பதிகிறேன், அடுத்த வரியில் மெழுகேற்றல்.