புதுப்பிப்பு: டிப்பர் ஜாக்கி ஏறிருச்சு

போன மாசம் கேட்டிருந்தேன்ல, காயலான் கடையில எடுத்த டிப்பர் ஜாக்கிய (தொட்டிய தூக்குற ஹைட்ராலிக் சிலிண்டர்) டிரெய்லர்ல மாட்டி 5 எச்பி பம்ப்செட் டீசல் இன்ஜின்ல ஓட்ட முடியுமான்னு, ஓடிருச்சுங்க. ஆனா லேசுல இல்ல. ஜாக்கி இருந்த பழைய லாரியோட வந்த, ஒரு சுத்துக்கு 16 சிசி ஆயில் தள்ளுற கியர் பம்பையே 1500 ஆர்பிஎம்ல மாட்டுனேன், நிமிஷத்துக்கு 24 லிட்டர் ஆயில் தள்ளுது, வெறும் தொட்டி சும்மா பறக்குது, ஜல்லி ஏத்தி லீவர இழுத்தா இன்ஜின் கரும்புகைய கக்கிட்டு டப்புனு நின்னுருது. கணக்கு போட்டா 150 பார் ஆயில் அழுத்தத்துல அந்த பம்புக்கு 9 எச்பி கேக்குது, நாம எங்க போறது. 8 சிசி பம்ப் மாத்துனதும் சரியாச்சு, ஏற டபுள் நேரம் ஆகுது, எனக்கென்ன அவசரம்.

இன்னொரு கூத்து, முதல் பம்ப சுத்துற திசை பாக்காம ஸ்டார்ட் பண்ணி ஷாப்ட் சீல் (ஷாப்ட் ஓரமா ஆயில் கசியாம தடுக்குற வளையம்) பிச்சுகிட்டு லுங்கி முழுக்க ஆயில். பாடில அம்புக்குறி இருக்கும், பாத்துட்டு மாட்டுங்க. பெல்ட் போட்டா பம்ப் ஷாப்ட ஒரு பக்கமா இழுக்கும், இன்ஜினையும் பம்பையும் நேரா சேக்குற கப்ளிங் போடுன்னு சொன்ன அண்ணனுக்கு நன்றி.

இப்ப ஏறுறப்ப லேசா குலுங்குது, ஆயில் டேங்க்ல நுரை வேற, டேங்க்ல இருந்து பம்புக்கு ஆயில் இழுக்குற சக்ஷன் ஹோஸ் கிளாம்ப்ல காத்து இழுக்குதுன்னு சந்தேகம், ஞாயித்துக்கிழமை கழட்டிப் பாக்கணும்.