1948இல் துளிர்த்தது எந்த மரம்?

கவ்வாத்துக்கத்தி:
நேற்று ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் கையில் ஒரு துண்டுப்பிரசுரத்தைத் திணித்தார்கள். மத்தேயு 24இல், முடிவுகாலம் பற்றிய உவமையில் துளிர்விடும் அத்திமரம் இஸ்ரவேலாம். அது துளிர்த்தது 1948 மே 14ஆம் திகதியாம். "இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது" என்று இயேசு சொன்னாராம், சங்கீதம் 90:10இல் மனிதனுக்கு எண்பது வயதாம், ஆகவே 2028இல் எல்லாம் முடிந்ததாம். கூட்டல் சரிதான். ஆனால் எழுதினவர் லூக்கா 21:29ஐத் திறந்தாவது பார்த்தாரா? "அத்திமரத்தையும் மற்றெல்லா மரங்களையும் பாருங்கள்" என்றிருக்கிறது. அத்தி இஸ்ரவேல் என்றால் மற்றெல்லா மரங்களும் யார்?

ஏழாம்எக்காளம்:
அந்தப் பிரசுரத்தில் அடியேனுக்கும் பங்குண்டு. ஓசியா 9:10 படியுங்கள், எரேமியா 24இல் இரண்டு கூடை அத்திப்பழத்தைப் படியுங்கள். இரண்டிலும் அத்தி தேவஜனம்தான். வேதத்தை வேதத்தால் வியாக்கியானம் பண்ண வேண்டும் பிரதர், கத்தியால் அல்ல. மற்ற மரங்கள் அதே காலத்தில் சுதந்திரம் அடைந்த தேசங்கள். இந்தியா 1947, பர்மா 1948, நம் இலங்கை 1948 பெப்ரவரி 4.

கவ்வாத்துக்கத்தி:
அப்படியென்றால் இலங்கை மூன்று மாதம் முந்திவிட்டதே! பெப்ரவரியிலேயே முடித்துவிடலாமா? அப்புறம் ஒன்று. 1948 என்றால் மலையகத்தானுக்கு ஞாபகம் வருவது துளிர் இல்லை. அந்த வருஷத்து 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம்தான் என் தாத்தாவை நாடற்றவராக்கியது. எங்களுக்கு விழுந்தது கவ்வாத்து, தேயிலைச் செடியைக் கழித்து வெட்டுகிற வெட்டு. அதே மலையகத்துப் பதுளையில் உட்கார்ந்துகொண்டு அந்த வருஷத்தை வசந்தகாலம் என்று எழுத உங்களுக்குக் கை வந்ததே.

ஏழாம்எக்காளம்:
பேச்சை மாற்றாதீர்கள். பிரஜாவுரிமைக்கும் இயேசுவின் இரண்டாம் வருகைக்கும் என்ன சம்பந்தம்?

கவ்வாத்துக்கத்தி:
பர்மாவை இழுத்துக்கொண்டு வந்தது நீங்கள்.

தலவாக்கலை டீச்சர்:
இரண்டு பேரும் ஒரு நிமிஷம் பொறுங்கள். 'சந்ததி' என்று உங்கள் பழைய மொழிபெயர்ப்பில் இருப்பது எங்கள் கத்தோலிக்க மொழிபெயர்ப்பில் 'தலைமுறை'. கிரேக்கத்தில் 'கெனேயா'. எதிரே நின்று கேட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துச் சொன்னது அது. நாற்பது வருஷத்துக்குள், கி.பி. 70இல், ரோமர் எருசலேம் ஆலயத்தை இடித்தார்கள். சீடர்கள் கேட்ட கேள்வியே ஆலயத்தைப் பற்றித்தானே ஆரம்பித்தது?

ஏழாம்எக்காளம்:
டீச்சர், அப்படியானால் மனுஷகுமாரன் மேகங்கள்மேல் வந்ததும் 70இலா? யார் பார்த்தது? சந்ததி என்றால் யூத இனம், அது இன்றைக்கும் ஒழியவில்லை. மாதாவிடம் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்களிடம் தீர்க்கதரிசனம் படிக்க வேண்டிய நிலை எனக்கு இன்னும் வரவில்லை.

கவ்வாத்துக்கத்தி:
சந்ததி இனம் என்றால் எண்பது வருஷத்தை எதிலே கூட்டினீர்கள்? இனத்துக்கு ஏது வயது? சரி, அதை விடுங்கள். மற்றெல்லா மரங்களும்?

மலைமுகடு:
மெழுகுவர்த்தி என்றதும் ஞாபகம் வந்தது. 1999 டிசம்பர் 31. மூன்று நாள் இருட்டு வரப்போகிறது என்று யாரோ சொல்லி, அம்மா சம்பளத்தில் பாதிக்கு மெழுகுவர்த்தியும் மண்ணெண்ணெயும் வாங்கி, லயத்து வீட்டு ஜன்னலை உரச்சாக்கால் அடைத்து வைத்தார். மணவாளனுக்காகக் காத்திருந்த பத்துக் கன்னியர் உவமையில் எண்ணெய் வாங்கி வைத்த ஐந்து பேரும் நாங்கள்தான் என்று தங்கச்சிக்கு ஒரே பெருமை. விடிந்தது. சனிக்கிழமை. காலையில் வேலைக்கு ஆள் சேர்க்கும் பிரட்டுக்குத் தப்பு அடித்தார்கள், அம்மா கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த மெழுகுவர்த்தியை இரண்டு வருஷம் கரண்ட் போகும்போதெல்லாம் ஏற்றினோம். மணவாளன்தான் வரவில்லை.

ஏழாம்எக்காளம்:
பரியாசக்காரர் வருவார்கள் என்பதும் எழுதியிருக்கிறது. 2 பேதுரு 3:3. மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 அக்டோபர் 29ஆம் திகதி மலை சரிந்தது அடையாளம் இல்லையா? பூமியதிர்ச்சி, கொள்ளைநோய், எல்லாம் கண்முன்னே.

தலவாக்கலை டீச்சர்:
தம்பி, அதைத் தொடாதீர்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேரைப் பற்றி லூக்கா 13இல் என்ன இருக்கிறதென்று பார்த்துவிட்டு வாருங்கள். சரியப்போகும் மலை என்று முன்பே எச்சரித்திருந்த இடம் அது. மாற்றுக் காணி கொடுக்காததற்கு அத்திமரம் என்ன செய்யும்?

ஏழாம்எக்காளம்:
செத்தவர்களைப் பாவிகள் என்று நான் எங்கே சொன்னேன்?

மலைமுகடு:
2021இல் தடுப்பூசி மிருகத்தின் முத்திரை, 666 என்று இதே இடத்தில் எழுதினீர்களே. அப்புறம் நீங்களே வரிசையில் நின்றதை என் மச்சான் பார்த்திருக்கிறார்.

ஏழாம்எக்காளம்:
அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஊசி அவருக்குத்தான். உங்கள் மச்சானுக்கு வேறு வேலை இல்லையா?

கவ்வாத்துக்கத்தி:
ஊசி கிடக்கட்டும். மத்தேயு 21:19இல் அதே இயேசு ஓர் அத்திமரத்தைப் பார்த்து "இனி ஒருக்காலும் உன்னிடத்தில் கனி உண்டாகாதிருக்கக்கடவது" என்கிறார். அத்தி இஸ்ரவேல் என்றால் மூன்றே அதிகாரம் தள்ளி அது எப்படித் துளிர்க்கிறது? கவ்வாத்து வெட்டின தேயிலை துளிர்த்தால் கொழுந்துக்காலம் வருகிறது என்பது எங்கள் கங்காணிக்கும் தெரியும். அவ்வளவுதான் அந்த உவமை.

ஏழாம்எக்காளம்:
கனி வேறு, துளிர் வேறு. 21இல் கனி, 24இல் இலை. ஆவிக்குரிய கண் இருந்தால் தெரியும்.

கவ்வாத்துக்கத்தி:
1844இல் அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்பவருக்கும் அந்தக் கண் இருந்தது. அக்டோபர் 22ஆம் திகதி இயேசு வருவார் என்று அவரை நம்பியவர்கள் காத்திருந்தார்கள். 2011 மே 21 என்று ஹரால்ட் கேம்பிங் என்ற அமெரிக்க வானொலிப் போதகர் சொன்னார். 1948இலிருந்து நாற்பது கூட்டி 1988 என்றார்கள், பிறகு எழுபது கூட்டி 2018. இப்போது நீங்கள் எண்பதுக்கு வந்திருக்கிறீர்கள். மாற்கு 13:32இல் குமாரனும் அறியார் என்றிருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் பேப்பர் கொடுத்த பையனுக்குத் தெரிந்திருக்கிறது!

ஏழாம்எக்காளம்:
நாளையும் நாழிகையையும்தான் அறியார் என்றிருக்கிறது. வருஷத்தை அறியார் என்று இல்லை. இதோடு உங்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

கவ்வாத்துக்கத்தி:
நல்லது. மற்றெல்லா மரங்களும்?

ஏழாம்எக்காளம்:
சொன்னேனே, தேசங்கள்!

மலைமுகடு:
2028இல் முடிகிறதென்றால் உங்கள் சபைக்கு ஐந்து வருஷத் தவணையில் ஸ்பீக்கர் வாங்கினது எந்தக் கணக்கு அண்ணே?

ஏழாம்எக்காளம்:
அது மூன்று வருஷத் தவணை. தெரியாமல் பேசாதீர்கள்.