ஜெர்மனியில் லீவு, பிரான்சில் வேலை நாள்: 3 மீட்டர் அகல லோடோடு புதன் ராத்திரி கிளம்பலாமா?

நாமக்கல்_டிரைவர்:
அண்ணன்மாருக்கு வணக்கம். முன்னே சவுதியில் டிரெய்லர் ஓட்டினேன், இப்போது போலந்துக் கம்பெனி ஒன்றில் லோபெட் (பெரிய மெஷின் ஏற்றும் தாழ்வான டிரெய்லர்) ஓட்டுகிறேன். புதன்கிழமை ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூஹே பக்கம் ஒரு யார்டில் பொக்லைன் ஏற்றி, பிரான்சில் லியோனுக்குக் கொண்டுபோக வேண்டும். அகலம் 3 மீட்டர், மொத்த எடை 45 டன். இந்த அகலத்துக்கும் எடைக்கும் வேண்டிய இரண்டு நாட்டு பெர்மிட்டும் கையில் இருக்கிறது. ஜெர்மன் பெர்மிட்டில் ஓட்டும் நேரம் இரவு 22 முதல் காலை 6 வரை.

சிக்கல் என்னவென்றால், வியாழக்கிழமை இங்கே ஃப்ரோன்லைக்னாம் என்று ஏதோ திருநாளாம். கம்பெனியில் லோடு ஒதுக்கும் டிஸ்பாட்ச்சர், "பெர்மிட் தேதிக்குள் வியாழனும் வருகிறது, பிரான்சில் அன்று லீவு கிடையாது, புதன் ராத்திரி பத்து மணிக்கு எடுத்தால் நேரே பார்டர் தாண்டிவிடலாம்" என்கிறார். யார்டில் இருக்கும் ஆள் போகவே கூடாது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

வார்சா_சரவணன்:
தம்பி, லாரிகள் ஓடக் கூடாத தடை நேரம் காட்டும் ஆப் போனில் இருக்குமே, அதைப் பார். பிரான்சுக்கு சனி இரவு 22 மணியில் இருந்துதான் தடை. கையில் நிறைய நேரம் இருக்கிறது, பதறாதே.

டோர்ட்முண்ட்_மாமா:
சரவணன் சொல்றது சாதாரண லொறிக்குத்தான் சரி. தம்பி, கொஞ்சம் பொறுமையாய் வாசியுங்கோ, நான் இஞ்ச கன காலமாய் ஸ்பெடிசனில (சரக்கு அனுப்புற கொம்பனி) வேலை.

முதல் ஜெர்மனி. 7.5 டன்னுக்கு மேற்பட்ட லொறிகளுக்கு ஞாயிறும் விடுமுறை நாளும் 0 மணியில இருந்து 22 மணி வரை தடை. ஃப்ரோன்லைக்னாம் எப்பவும் வியாழனிலதான் வரும், ஆனா எல்லா மாநிலத்திலயும் விடுமுறை இல்லை. பாடன்-வூர்ட்டெம்பெர்க், பயர்ன், ஹெஸ்ஸன், நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன், ரைன்லாண்ட்-ஃபால்ஸ், சார்லாண்ட், இந்த ஆறிலயும் லொறித் தடை இருக்கு. கார்ல்ஸ்ரூஹே பாடன்-வூர்ட்டெம்பெர்க்கில. அங்கயிருந்து நொயன்பூர்க் எல்லை வரைக்கும் ஆ-5 ஆட்டோபான் (நெடுஞ்சாலை) முழுக்க அதே மாநிலம்தான்.

இப்ப கணக்குப் பாருங்கோ. உங்கட பெர்மிட் 22 மணிக்குத்தான் திறக்குது. 0 மணிக்கு விடுமுறைத் தடை விழுது. கிடைக்கிறது ரெண்டு மணித்தியாலம். எல்லைக்கு ஏறக்குறைய 170 கிலோமீட்டர். லொறிக்கு ஆட்டோபானில 80தான், உங்கட பெர்மிட்டில அதைவிடக் குறைச்சும் போட்டிருப்பினம். எப்பிடிப் போய்ச் சேருவீங்கள்?

பெர்மிட் தேதிக்குள்ள வியாழன் வந்தாலும் அது விடுமுறைத் தடையில இருந்து விலக்குத் தராது. அகலத்துக்குக் குடுக்கிற அனுமதி வேற, விடுமுறையில ஓடுறதுக்கான விலக்கு வேற. ரெண்டாவதைத் தனியாய் எழுதியிருக்கோணும். பிடிபட்டா உங்களுக்கு 120 யூரோ, ஓடச் சொன்ன கொம்பனிக்கு 570. வெளிநாட்டு வண்டியெண்டா றோட்டிலயே காசைக் கட்டச் சொல்லுவாங்கள்.

நாமக்கல்_டிரைவர்:
ரொம்ப நன்றி மாமா. அப்படியானால் பத்து மணிக்கு எடுத்து, பன்னிரண்டுக்குள் ஏதாவது பார்க்கிங்கில் ஒதுங்கிவிட்டு மறுநாள் ராத்திரி போகலாமா? டிஸ்பாட்ச்சருக்கு வண்டி நகர்ந்தது என்று காட்ட வேண்டும்.

லோபெட்_பாண்டியன்:
அந்த வேலை மட்டும் வேண்டாம்ப்பா. லீவுக்கு முந்தின ராத்திரி ஆ-5ல் சாதாரண டிரெய்லருக்கே இடம் கிடைக்காது, எக்ஸிட் வளைவு வரைக்கும் நிறுத்தி வைத்திருப்பார்கள். 3 மீட்டர் அகலத்தை எங்கே நுழைப்பாய்? யார்டிலேயே படு. புதன் சாயங்காலம் ஆறு மணிக்கு ரெஸ்ட் போட்டால் வியாழன் இரவு 22க்கு 28 மணி நேரம் ஆகிவிடும். அதைக் குறைக்கப்பட்ட வார ஓய்வாகவே எடுத்துக்கொள்ளலாம், அதற்கு 24 போதும். முழு வார ஓய்வு 45 மணி நேரம், அதில் குறையும் மணிகளை அடுத்து வரும் மூன்றாவது வாரக் கடைசிக்குள் ஈடு கட்டச் சொல்லி இப்போதே எழுதி வாங்கு, பின்னால் கேட்டால் ஞாபகமில்லை என்பார்கள்.

இன்னொன்று, டேப் வைத்து அளந்தாயா? பேப்பரில் 3 மீட்டர் என்று போட்டிருப்பது மெஷின் கேட்லாக்கில் இருந்து எடுத்ததாக இருக்கும். பிரான்சில் அளவு மீறிய லோடுகளைக் கேட்டகரியாகப் பிரிப்பார்கள், 3 மீட்டர் வரைதான் முதல் கேட்டகரி. நீளம் 20 மீட்டர், எடை 48 டன் தாண்டக் கூடாது. அகலம் ஒரு விரல் கூடினாலும் இரண்டாவது கேட்டகரிக்குப் போய்விடும், உன் பேப்பர் செல்லாது. மூன்றில் எது பெரிய கேட்டகரியோ அதுதான் கணக்கு.

நாமக்கல்_டிரைவர்:
ஏற்றி முடித்ததும் அளந்தேன் அண்ணே. 3.08! செயின் சரியாக இருக்கிறது. மேலே கேபின் ஓரம் போல்ட் போட்ட நடைபலகை ஒன்று நீட்டிக்கொண்டு நிற்கிறது.

லோபெட்_பாண்டியன்:
நினைத்தேன். யார்டு ஃபோர்மேனைக் கூப்பிட்டு அதைக் கழற்றி, மெஷின் பக்கெட்டுக்குள் வைத்துக் கட்டச் சொல். அப்புறம் திரும்ப அள, டேப்போடு போட்டோ எடுத்து ஆபீசுக்கு அனுப்பு. அதைக் கழற்ற முடியாத மெஷினாக இருந்தால் இரண்டு நாட்டிலும் புது பெர்மிட் வரும்வரை நகரக் கூடாது, யார் கத்தினாலும் சரி.

டோர்ட்முண்ட்_மாமா:
பாண்டியன் சொன்னது பெரிய விசயம், எனக்குத் தோணேல்ல.

பிரான்சுக்கு வருவம். ஆப்பில இருக்கிற சனி 22 தொடக்கம் ஞாயிறு 22, அது பொதுத் தடை. கொன்வா எக்சப்சியோனல் (அளவு மீறின லோடு) எண்டு போர்டு போட்டு ஓடுற வண்டிக்கு சனி மத்தியானம் 12 மணியில இருந்து திங்கள் காலமை 6 வரை தடை. பிரெஞ்சு விடுமுறை நாளுக்கும் அதே மாதிரி: முதல்நாள் 12க்கு நிப்பாட்டி, அடுத்த நாள் 6க்கு எடுக்கோணும். அதோட பனிமூட்டத்தில 150 மீட்டர் தெரியாட்டியும் ஓடேலாது. ஆப்பை நம்பி சனி பின்னேரம் ஓடிக்கொண்டு நிண்டா திங்கள் வரைக்கும் கட்டிப்போடுவாங்கள்.

வியாழன் 22க்கு வெளிக்கிட்டா விடியமுன் எல்லை தாண்டலாம். பிரெஞ்சுப் பெர்மிட்டில இரவு ஓட்டம் இருக்கோ எண்டு அதையும் வாசியுங்கோ, எந்த றோட்டால போகச் சொல்லியிருக்கு எண்டதையும். இல்லையெண்டா எல்லை தாண்டி நிண்டு, 11 மணித்தியாலம் படுத்து, வெள்ளி பகல் வெளிக்கிடுங்கோ. சனி 12க்கு முன் லியோன்.

வார்சா_சரவணன்:
கொன்வாய்க்குத் தனி நேரம் என்பது எனக்குப் புதுச் செய்தி. டேக்கோவில் (ஓட்டும் நேரம் பதியும் கருவி) வேறு பார்டர் தாண்டிய நேரம் தானாகவே பதிந்துவிடுகிறது, புது ஸ்மார்ட் டேக்கோ இருந்தால் ராத்திரி யாரும் பார்க்கவில்லை என்ற பேச்சே கிடையாது.

நாமக்கல்_டிரைவர்:
பலகையைக் கழற்றியாச்சு, இப்போது 2.98. போட்டோவையும் 0–22 தடையையும் எழுதி டிஸ்பாட்ச்சருக்கு மெசேஜ் போட்டேன். முதலில் எகிறினார். "வியாழன் எடுக்கச் சொல்லி எழுத்தில் அனுப்புங்கள், அபராதம் கம்பெனி கட்டும் என்றும் சேர்த்து எழுதுங்கள்" என்றேன். அரை மணி நேரம் பதிலே இல்லை. அப்புறம் வியாழன் 22:00 என்று ஆர்டரை மாற்றி அனுப்பிவிட்டார். லியோனில் சனி காலை எட்டு மணிக்கு இறக்கத் தேதி வாங்கியிருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று: இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போதும் சனி 12 தடை உண்டா?

லோபெட்_பாண்டியன்:
பக்கப் பலகைகளை உள்ளே தள்ளி 2.55 அகலம், டிரெய்லரின் நீளும் தளத்தைச் சுருக்கி 16.50 நீளம், 4 மீட்டர் உயரத்துக்குள் வந்துவிட்டால் நீ சாதாரண வண்டி. கொன்வாய் போர்டையும் மேல் லைட்டையும் மறக்காமல் மூடு. அதன்பிறகு சரவணனின் ஆப் சொல்வதுதான்: பிரான்சில் சனி 22க்குள் நிறுத்த வேண்டும்.

டோர்ட்முண்ட்_மாமா:
ஜெர்மனிக்குள்ள வந்தா ஞாயிறு 22 வரைக்கும் காலி வண்டிக்கும் தடைதான். ஜூலை, ஆகஸ்டில இதே ஓட்டம் வந்தா சில ஆட்டோபான்களில சனிக்கிழமையும் 7 தொடக்கம் 20 வரை தடை இருக்கு, அதுக்கு றோட்டு நம்பரைப் பாத்துத்தான் சொல்லேலும்.