இசை இதழ்கள் யாரை நோக்கிப் பேசுகின்றன?

கேள்வி:
பிரிட்டனின் இசை இதழ்களைப் பற்றி ஊடகவியல் வகுப்புக்காக ஒரு கட்டுரை எழுதுகிறேன். ஓர் இதழ் குறிப்பிட்ட வயதினரைத் தன்பக்கம் ஈர்ப்பது அது தேர்ந்தெடுக்கும் பாடகர்களால் மட்டும்தானா, அல்லது அட்டைக்கும் எழுத்துநடைக்கும் அதில் பங்கு உண்டா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
வணக்கம். ராக், மெட்டல் இசைக்கான 'கெராங்!' இதழின் பெயரிலிருந்தே தொடங்குங்கள். மின்கிதாரை ஓங்கி மீட்டும்போது எழும் ஒலிதான் அது. 1981இல் 'சவுண்ட்ஸ்' வார இதழின் இணைப்பாக வெளிவந்தபோது, அதன் முதல் அட்டையில் ஏசி/டிசி ராக் குழுவின் கிதார் கலைஞர் ஆங்கஸ் யங் இருந்தார். உடைந்த கண்ணாடிபோல் விரிசலோடிய தலைப்பெழுத்தும், அறைச்சுவரில் ஒட்டுவதற்கென்றே தரப்படும் போஸ்டர்களும், பள்ளியில் தனித்து நிற்கும் ஓர் இளைஞரிடம் 'நீ எங்கள் ஆள்' என்று சொல்லிவிடுகின்றன. அந்த இளைஞரை நெடுங்காலம் ஆணாகவே கற்பனை செய்தார்கள் என்பது என் வருத்தம். அதையும் தயவுசெய்து எழுதுங்கள்.

பதில் 2:
அதனோடு 'ஸ்மாஷ் ஹிட்ஸ்' என்ற பாப் இசை இதழை ஒப்பிடுங்கள். 1978 முதல் 2006 வரை வந்த அவ்விதழ், பாடல் வரிகளை முழுமையாக அச்சிட்டதால், பதின்வயதினர் அதைக் கையில் வைத்துக்கொண்டே சேர்ந்து பாட முடிந்தது. 1993இல் தொடங்கிய 'மோஜோ'வோ பழைய இசைத்தட்டுகளின் வரலாற்றைப் பக்கம் பக்கமாக விவரித்து, வயதில் மூத்த சேகரிப்பாளரை அழைக்கிறது.

பதில் 3:
விலையையும் விட்டுவிடாதீர்கள். 1952இல் பிறந்த 'என்எம்இ' (நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்) என்ற இசை வார இதழ் 2015இல் இலவச இதழானபோது, தேடிச்சென்று வாங்கும் ரசிகரோடு, ரயில் நிலையத்தில் கைநீட்டிப் பெறும் வழிப்போக்கரும் அதன் வாசகரானார். அதன் வார அச்சிதழ் 2018இல் நின்றது.